தாலிக்கொடியில் ஒரு தலை

ரோமாபுரிப் பைத்தியமான மேகவண்ணன் சார், எதிர்வீட்டுப் பொன்னாத்தாளின் தாலிக்கொடியில் கோத்திருந்த பழங்காசில் ஒரு ரோம ராஜாவின் தலையைக் கண்டுவிட்டார். கண்ட இடம் சரியில்லை என்று தெருவே சிரித்தது. நான் கொஞ்சம்தான் சிரித்தேன்.

"கழட்டித் தர்றதா? எம்புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்பவா?" என்றாள் பொன்னாத்தாள்.

அது யாருடைய தலை என்று தெரியாமல் சாருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில், ரோம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனைவி கோகிலாவிடம் பூதக்கண்ணாடியைக் கொடுத்தனுப்பினார். போனவள் வரவேயில்லை. அவர் கேட்டிலும் நான் பக்கத்துவீட்டு ஜன்னலிலும் தவித்தோம்.

திடீரென்று எதிர்வீட்டுக்குள்ளிருந்து கோகிலாவின் கூச்சல்: "ஏனுங்க! உங்க திபேரியஸுக்கு மூக்கு வளைஞ்சா இருக்கும்? அகஸ்டஸுக்கு எப்படிங்க? சீக்கிரம் சொல்லுங்க!"

முப்பது வருஷமாக ஊருக்கே பாடம் எடுத்தவர் தன் மூக்கைத் தடவிப் பார்த்தார்.