கண்ணி எடுக்காத வாட்ச்

காரியம் முடிந்து, குணவதியின் வளையல்களைக் கழற்றிய பெண்கள் இன்னும் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே அவள் இறந்துபோன கணவனின் வாட்சை எடுத்துக் கட்டிக்கொண்டாள். டயல் அவள் மணிக்கட்டைவிட அகலம். இரண்டு ஓரமும் எலும்பைத் தாண்டித் துருத்திக்கொண்டு நின்றன. கையைத் தாழ்த்தினால் ஸ்டீல் செயின் சரிந்து புறங்கையில் இடித்தது. உயர்த்தினால் டயல் சுழன்று உள்ளங்கைப் பக்கம் போய்த் தொங்கியது.

கொழுந்தன் தனபால் கையை நீட்டினான். “குடுங்க அண்ணி. அண்ணன் கைக்கு அளவெடுத்த மாதிரி இருந்த வாட்ச் அது. உங்க கையில நிக்காது.”

“செயின்ல நாலு கண்ணி எடுத்தா நிக்கும்டா,” என்றாள் நாத்தனார், தயங்கியபடி.

“கண்ணி எடுத்தா டயல் சின்னதாயிடுமாக்கும்?”

“ஒரு கண்ணியும் எடுக்க மாட்டேன்,” என்ற குணவதி வாட்சை மேலே தள்ளினாள். வளையல் தழும்புகளைத் தாண்டி, முன்கையில் சதை திரண்ட இடத்துக்கு வந்ததும் அது இறுகப் பற்றிக்கொண்டது. கையை உதறிப் பார்த்தாள். அசையவில்லை.

தனபால் சிரித்துவிட்டான். “முழங்கைக்கிட்ட வாட்ச் கட்டுன ஆள இப்பத்தான் பாக்குறேன். சரி, மணி என்னன்னு சொல்லுங்க பாப்போம்.”

குணவதி கையை மடக்கி, முகத்தருகே கொண்டுவந்து, நிதானமாகப் பார்த்தாள்.

“நீங்க கெளம்புற நேரம், தம்பி. காரிய வீடு, சொல்லிக்காமயே போகலாம்.”