மூன்றாம் ஓலை

அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே சொல்ல வேண்டும். இது மூன்றாம் முறை.” கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் அறிவிக்கும் ஓலையின் கடைசி வரியை அப்போதுதான் குருவானவர் வாசித்து முடித்திருந்தார்.

கோயிலில் எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது.

ஓலையில் இருந்த பெயர் கெத்சீயாள். எழுந்து நின்றவருடைய சொந்த மகள். அப்பா நிற்பதைப் பார்த்து அவள் முகம் வெளுத்தது.

அவர் எழுந்தால் என்ன நடக்கும் என்று ஊருக்கே தெரியும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் இதே பெஞ்சிலிருந்துதான் எழுந்தார். அன்றைக்கு ஓலை அண்ணன் மகள் எமீமாளுக்கு.

“தடை உண்டு. பிள்ளைக்கு வலிப்பு. மறைக்காவ.”

பொய். அண்ணனோடு ஒரு மதில்சுவர்த் தகராறு, அவ்வளவுதான். நரம்பில்லாத நாக்கு, புரண்டுவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் அன்றே விலகிக்கொண்டார்கள். பிறகு ஒரு வரனும் அந்த வாசலை மிதிக்கவில்லை. அண்ணன் இவரோடு பேசாமலே செத்துப்போனார்.

கடவுளிடம் எத்தனையோ முறை அழுது சொல்லிவிட்டார். எமீமாளிடம் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. கடவுள் எதிரே வந்து நின்று முகத்தைப் பார்ப்பதில்லையே.

இன்று மகளின் பெயரைக் கேட்டதும் நெஞ்சு தாங்கவில்லை. அன்று சொன்னது பொய் என்று சொல்லத்தான் எழுந்தார்.

எழுந்தபிறகுதான் உறைத்தது. இந்த இடத்தில் எழுந்தாலே அது தடை.

வாய் திறந்தது. சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு எதிர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் தகப்பனார் மெல்ல எழுந்தார்.

அப்போது பெண்கள் பக்கம், தூணோரமாக, எமீமாள் எழுந்தாள். நாற்பதைத் தொட்டுவிட்டவள். தனியாக வந்து தனியாகப் போகிறவள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“தடை ஒண்ணும் இல்லய்யா. சித்தப்பா ஜெபம் பண்ண எந்திச்சிருக்காவ.”

சித்தப்பா.

பன்னிரண்டு வருடமாக அந்தச் சொல் அவர் காதில் விழவில்லை.

குருவானவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “ஜெபிப்போம்” என்றார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் உட்கார்ந்தார். சபை கண்ணை மூடியது.

அவர் அப்படியே முழங்காலில் விழுந்தார். அழுகை வந்தது. ஜெபம் வரவில்லை. ஒரு வார்த்தைகூட வரவில்லை.

யாரோ இருமினார்கள். கைக்குழந்தை ஒன்று சிணுங்கி அடங்கியது. சபை காத்திருந்தது.

“ஆமென்” என்றாள் எமீமாள்.