மூன்றாம் அத்தியாயத்துப் பூட்டுக்காரர்

மதிய வெயிலில் ஜன்னல் கம்பிகளின் நிழல் நாவலின் கையெழுத்துப் பிரதிமேல் கோடு போட்டிருக்கிறது. எழுதியவள் அக்கா, எதிரே உட்கார்ந்து சிவப்புப் பேனாவால் பிழை திருத்துகிறவள் தங்கை. அக்காவுக்கு ஒரு சோம்பல் உண்டு. கதையில் வீடு வந்தால் இந்த வீட்டையே எழுதிவிடுவாள், பின்னறையின் உடைந்த தாழ்ப்பாள் உட்பட. "பூட்டுக்காரர் பிரமாதம்க்கா," என்கிறாள் தங்கை. "அரத்துல ஒட்டுற இரும்புத் தூளை அப்பப்ப ஊதிக்கிறாரே, அது ஒண்ணுலயே ஆள் கண்ணு முன்னாடி நிக்கிறார். மறுபடி எப்ப வருவார்னு கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்." அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. தங்கை பக்கங்களைப் பின்னால் புரட்டுகிறாள். "ஆனா மூணாவது அத்தியாயத்துல தாழ்ப்பாளைச் சரிபண்ண பின்னறைக்குள்ள போறார். அப்புறம் நீ அவரை வெளியவே அனுப்பலையே."

"மறந்தே போச்சுடி." அக்காவின் சிரிப்பு பாதியில் நிற்கிறது. சாத்தியிருக்கும் பின்னறைக் கதவின் கீழ் இடுக்கில் இரும்புத் தூள் மினுங்குகிறது. உள்ளே யாரோ எதையோ மெல்ல ஊதுகிற சத்தம். "ஒரு வரிதானே, இப்பவே அனுப்பிடு," என்று தங்கை குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள். அக்கா பேனாவை வாங்கி ஓரத்தில் எழுதுகிறாள்: 'வேலை முடிந்ததும் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.' முற்றுப்புள்ளி வைத்ததும் ஊதும் சத்தம் நிற்கிறது. இருவரும் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பல வருஷமாக வேலை செய்யாத அந்தத் தாழ்ப்பாள், கதவுக்கு உள்ளே வழுவழுவென்று நகர்ந்து பூட்டிக்கொள்ளும் சத்தம் கேட்கிறது.