வல்லினத் தாத்தா

"அண்ணே!" என்று கூவிக்கொண்டே ஓவிய வாத்தியார் பாய்ந்து கட்டிப்பிடித்ததில், தையல்காரரின் கழுத்தில் கிடந்த அளவு டேப் இரண்டு பேரையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. வாசலில் செருப்பைக் கழற்றக்கூட மனுஷருக்குப் பொறுமை இல்லை.

"நீங்க யாரு...?"

"உங்க தம்பி! உங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் கூடப்பிறந்தவங்க. சின்ன வயசுலயே பிரிஞ்சு போனவங்க. மூணு வருஷமா உங்களைத் தேடறேன்!"

வெட்டு மேசையில் கிடந்த துணிகளை ஒதுக்கிவிட்டு, வாத்தியார் ஒரு பெரிய சார்ட்டை விரித்தார். சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் கத்தரிக்கோல், மறு மூலையில் ஆறிப்போன இஸ்திரிப்பெட்டி. வம்சம் முழுவதும் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருக்க, ஒரே ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"பாடாப் படுத்திட்டார் அண்ணே உங்க தாத்தா! பிறப்புப் பதிவேட்டுல அவர் பேருக்கு வல்லின ற. பள்ளிக்கூடத்துல இடையின ர. வாக்காளர் பட்டியல்ல ஆளையே பொம்பளையாக்கிட்டாங்க! அதே பேரைத்தான் உங்களுக்கும் வெச்சாங்கன்னு தெரிஞ்சு, ஒவ்வொரு எழுத்துக்கும் அஞ்சாறு விலாசம் பிடிச்சேன். பதினாறு வீட்டுக் கதவைத் தட்டியாச்சு. இதுதான் கடைசி. இங்கயும் இல்லேன்னா சார்ட்டைப் பரண்ல போட்டுடறேன்னு வீட்ல சத்தியம் பண்ணிட்டு வந்தேன்."

தையல்காரர் மென்று விழுங்கினார். "என் பேரே வேறங்க..."

"அதைத்தானே நானும் சொல்றேன்! நம்ம வம்சத்துல யார் பேரு ஒழுங்கா இருக்கு?" வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இல்லீங்க, எனக்குச் சொந்தம்னு யாரும்..."

"இனிமே இருக்காங்க! மொத்தம் எழுபத்தி மூணு பேர். எண்ணிக்குங்க!"

தையல்காரர் நிஜமாகவே எண்ண ஆரம்பித்துவிட்டார். அத்தை, சித்தப்பா, பெரியம்மா என்று அவர் விரல் கட்டம் கட்டமாக ஊர்ந்தது. பாதியிலேயே முகம் மலர்ந்துவிட்டது.

"இதுல எனக்குத் தம்பிங்க எத்தனை பேரு?"

"என்னையும் சேர்த்து ஒன்பது! அண்ணி, எனக்கு டீயில சர்க்கரை கம்மி!" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, வாத்தியார் போனோடு தெருவுக்கு ஓடினார். "கிடைச்சுட்டார்! அண்ணன் கிடைச்சுட்டார்! அப்படியே நம்ம மூக்கு!" அவர் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.

தையல்காரரின் மனைவி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"ஏங்க, அவர் தேடி வந்த ஆள் இந்த வீட்டைக் காலி பண்ணி நாலு மாசமாச்சு. அவரோட புது விலாசம்கூட நம்மகிட்ட இருக்கு. அநாதை ஆசிரமத்துல வளர்ந்த உங்களுக்குத் தம்பி ஏது?"

தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் சிரிப்பு அடங்கவில்லை.

"விலாசத்தை நாளைக்குக் கொடுத்துடறேன்டி, இன்னிக்கு ஒரு நாள் நான் அண்ணனா இருந்துக்கறேனே!"