மறதி மாத்திரை

"அப்பாவோட மறதி மாத்திரை மட்டும் ஏம்மா இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகுது?"

டானியலா மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாக் குழிகளும் காலி. அதே நாளில் வாங்கிய இரத்த அழுத்த மாத்திரை பாதி மிச்சம் இருந்தது.

அருள்ஜோதி அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "கீழ விழுந்திருக்கும்."

"ஒரு அட்டை முழுசுமா?"

"அப்ப கிளினிக்ல குறைச்சுக் கொடுத்திருப்பாங்க லா. டீ போடட்டா?"

"இப்பத்தானே போட்டுக் கொடுத்தீங்க."

அம்மா பேச்சை மாற்றுகிறாள் என்று டானியலாவுக்குப் பட்டது.

கூடத்து சோபாவில் அப்பா சூசைநாதன் உட்கார்ந்தபடியே தூங்கி வழிந்துகொண்டிருந்தார். சாங்கி விமான நிலையத்தின் சரக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சின்னச் சின்னதாக இரண்டு முறை பக்கவாதம் வந்துபோனதும் நினைவு குலையத் தொடங்கியது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அடைபட்டதால் வந்த மறதி என்றார் டாக்டர் ஃபஸீலா. இந்த மாத்திரை நோயைக் குணமாக்காது, சிலருக்குக் கொஞ்சம் உதவலாம், இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதுதான் முக்கியம் என்று தெளிவாகவே சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடவே கூடாது. நாடித்துடிப்பு குறைந்து மயங்கி விழ வாய்ப்பிருக்கிறது.

போன மாதம் அப்பா வீட்டைவிட்டு வெளியே போய்விட்டார். ஈசூன் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் செருப்பில்லாமல் நின்றவரை போலீஸ்காரர்கள் கூட்டி வந்தார்கள். அன்று அம்மா அழுதுகொண்டே சொன்னது டானியலாவுக்கு இப்போது நினைவுக்கு வந்தது. "இனிமே இவரு எங்கயும் எழுந்து போகாம, இருக்கிற இடத்துல கிடந்தாப் போதும்."

கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் கேட்டுவிட்டாள்.

"அம்மா, அப்பாவைத் தூங்க வைக்க ரெண்டு ரெண்டா கொடுக்குறீங்களா?"

அருள்ஜோதியின் கையிலிருந்த கரண்டி நின்றது.

"பெத்த தாயைப் பார்த்துக் கேக்கிற கேள்வியா இது? ஒண்ணுதான் கொடுக்குறேன். மாதா மேல சத்தியம்."

டானியலா நம்பவில்லை. மறுநாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அப்பாவைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். டாக்டர் நாடி பார்த்தார், இதயத் துடிப்பைப் பதிவு செய்தார்.

"நல்லாத்தான் இருக்கார். மருந்து கூடுதலாப் போன மாதிரி தெரியல. இந்த நோயில பகல்ல தூங்குறது சகஜம்தான். அம்மா ரொம்ப நல்லாப் பாத்துக்குறாங்க."

அப்படியானால் மாத்திரை எங்கே போகிறது?

புதிய அட்டைகளை வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் தோழி சங்கீதா தொலைபேசியில் சொன்ன விஷயம் சந்தேகத்தை இன்னும் கிளறிவிட்டது. வீட்டுக்கு வந்து அப்பாவைப் படுக்க வைத்தவள், நேரே சமையலறைக்குப் போனாள்.

"சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்குப் போனீங்களாமே. சங்கீதா பார்த்திருக்கா."

"ஆமா, மீன் வாங்கப் போனேன்."

"சிராங்கூன் ரோடு பஸ் ஸ்டாப்புல ரொம்ப நேரம் நின்னுக்கிட்டே இருந்தீங்களாம். பஸ் மேல பஸ்ஸா வந்தும் ஏறலையாம். அவ கிட்ட வந்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டு வேகமா நடந்துட்டீங்களாம். யாருக்காகம்மா காத்துக்கிட்டு இருந்தீங்க?"

"நானா? நான் தேக்கா பக்கம் போயே எத்தனை நாளாச்சு."

"இப்பத்தான் மீன் வாங்கப் போனேன்னு சொன்னீங்க."

அருள்ஜோதி மகளையே பார்த்தாள். பிறகு ஈரமில்லாத கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கேட்கக் கேட்க ஒவ்வொரு பதில். டானியலாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அப்பாவின் மருந்தை யாருக்கோ எடுத்துக் கொடுக்கிறாள். கோயில் சிநேகிதி யாருக்காவது, அல்லது அவள் வீட்டில் மறதி வந்த யாருக்காவது. அதைச் சாப்பிட்டு யாராவது மயங்கி விழுந்தால், நம் வீட்டுக் கதவைத்தான் வந்து தட்டப்போகிறார்கள்.

"சரிம்மா. இனிமே இந்த மாத்திரை என் வீட்டுல இருக்கும். வேலைக்குப் போற வழியில தினமும் வந்து, அப்பாவுக்கு ஒண்ணு நானே கொடுத்துட்டுப் போறேன்."

அவள் பையைத் தோளில் மாட்டினாள். அருள்ஜோதி ஓடி வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் அத்தனை பலம் இருக்கும் என்று டானியலா எதிர்பார்க்கவில்லை.

"ஒரே ஒரு அட்டை வச்சுட்டுப் போ, டானி."

"எதுக்கு?"

"கேக்காத. வச்சுட்டுப் போ."

"அப்ப நான் நினைச்சது சரிதான். யாருக்கும்மா கொடுக்குறீங்க? பேரைச் சொல்லுங்க, தர்றேன்."

அருள்ஜோதி படுக்கையறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். கணவர் தூங்கிக்கொண்டிருந்தார். கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டு வந்து, மகளின் பையிலிருந்து தானே ஓர் அட்டையை எடுத்தாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தாள்.

"எனக்கும் மறக்க ஆரம்பிச்சிடுச்சுன்னு தெரிஞ்சா, அவரை என்கிட்ட விட்டு வைப்பீங்களா, டானி?"