ஞாயிற்றுக்கிழமைக் கடிதங்கள்

“எல்லாத்தையும் அழிச்சுடுங்க. உள்ள இருக்கிற எதையும் காப்பி எடுக்க வேண்டாம்” என்றான் தம்பி.

சர்வீஸ்காரர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். பதினாறு வருஷத்துக் கம்ப்யூட்டர். ஆன் செய்தால் பாதி தூரம் வந்து, அணைந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. காலையிலிருந்து இதே கூத்து.

“சார், ரெண்டு வழி இருக்கு. ரிப்பேர் பண்ணிப் பார்க்கலாம். ரெண்டு நாள் பிடிக்கும், ஆனா உள்ள இருக்கிறது அப்படியே இருக்கும். இல்லேன்னா ஃபார்மட் பண்ணிட்டு ஓஎஸ்ஸைப் புதுசா போடலாம். ஒரு மணி நேர வேலை.”

“புதுசாவே போடுங்க. என் பொண்ணு தட்டிப் பழகத்தானே.”

“ரிப்பேர் பண்ணுங்க” என்றாள் அக்கா. இதற்காகவே இரண்டு விமானம் மாறி வந்து, பெட்டியைக்கூட இன்னும் பிரிக்காமல் நின்றவள், சர்வீஸ்காரர் பக்கம் திரும்பினாள்.

“அப்பா எனக்கு எழுதின லெட்டரெல்லாம் இதுலதான் இருக்கு அண்ணா. வலது கை விழுந்த பிறகும், இடது கையால ஒவ்வொரு எழுத்தா தட்டி, ஞாயித்துக்கிழமை தவறாம மெயில்ல அனுப்பினார். ரெண்டு வருஷம். நான் வேலையை விட்டதும் ஆபீஸ்ல என் மெயிலை மூடிட்டாங்க. ஒண்ணுகூட மிஞ்சலை.”

“அப்பாவே போயிட்டார். லெட்டரை வெச்சு என்ன பண்ணப்போறே?” என்றான் தம்பி.

இப்படி ஒரு பேச்சைக் கேட்டால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? சம்பந்தமே இல்லாத சர்வீஸ்காரருக்கே வந்தது.

அக்கா கோபத்தை விழுங்கிக்கொண்டு மானிட்டரின் மேல் கை வைத்தாள். அதன் உறை, அம்மா இருந்தபோது அக்காவின் பழைய பாவாடையில் தைத்தது.

“ஞாபகம் இருக்காடா? ஆளுக்கு அரை மணி நேரம். அப்பா வாட்சைக் கழட்டி மேஜை மேல வெச்சுட்டு உட்காருவார்.”

“நீ மட்டும் முப்பத்தஞ்சு நிமிஷம் ஆடுவே.” தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

“நீ என்ன லேசுப்பட்டவனா? கரண்ட் போன நிமிஷத்தை எல்லாம் மறுநாள் கேட்டு வாங்குவே.”

“சீட்டாட்டத்துல தோத்தா அப்பா என்ன சொல்வார்? மவுஸ் சரியில்லை.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த அரை மணி நேரத்துக்காக அடித்துக்கொண்ட நாள்கள்தான் எவ்வளவு நன்றாக இருந்தன. அப்போது யாருக்குத் தெரிந்தது?

“அவர் உட்கார்ந்த இடம்டா இது. அழிக்க எப்படி மனசு வருது உனக்கு?” கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா டீ போட உள்ளே போனாள்.

அவள் தலை மறைந்ததும் தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“அண்ணா, ரிப்பேர் பண்ணினா நான் மாட்டிக்குவேன். அந்த லெட்டரெல்லாம் நான் எழுதினது.”

சர்வீஸ்காரர் நிமிர்ந்தார்.

“பக்கவாதம் வந்ததுல அப்பாவுக்குக் கை மட்டும் போகலை. ஞாபகமும் போயிடுச்சு. அக்கா போட்டோவைக் காட்டினா ‘யாரு இந்தப் பொண்ணு’ம்பார். அந்த ரெண்டு வருஷம் அவளால ஊருக்கு வரவே முடியலை. போன்ல கேட்டா, பேச்சு குழறுதுன்னு சமாளிச்சேன். தனியா இருக்கிறவகிட்ட வேற என்னத்தைச் சொல்ல? அவர் எழுதற மாதிரி நானே எழுத ஆரம்பிச்சேன்.”

“அப்போ லெட்டரை மட்டும் எடுத்துக் கொடுத்துட்டா?”

“ஒவ்வொண்ணுக்கும் அடிச்சுத் திருத்தின நாலு பிரதி கிடக்குண்ணா. நடுநடுவுல ‘இது அப்பா மாதிரி இல்லை, மாத்து’ன்னு எனக்கு நானே எழுதி வெச்ச குறிப்பு வேற. திறந்தா குட்டு உடைஞ்சுடும். கடைசி வரைக்கும் அப்பா தன்னை நினைச்சுட்டிருந்தார்ங்கற நிம்மதியாவது அவளுக்கு இருக்கட்டும்.”

சற்று முன் இவனை மனசுக்குள் திட்டியது சர்வீஸ்காரருக்கு உறுத்தியது. “புதுசாவே போட்டுடறேன் சார். மேடம்கிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றார்.

தம்பி, மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரக் கிளம்பினான்.

டீ வந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத சர்வீஸ்காரர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“டிஸ்க் ரொம்ப மோசம் மேடம். ரிப்பேர் தாங்காது. லெட்டர் எதுவும் தேறாதுன்னு நினைக்கிறேன்.”

அக்கா வாசலை எட்டிப் பார்த்தாள். தம்பியின் வண்டி தெருவைத் தாண்டியிருந்தது.

“தம்பி சொல்லிட்டானா?”

சர்வீஸ்காரர் டீயை ஊதினார். டீ ஒன்றும் அவ்வளவு சூடாக இல்லை.

“எங்கப்பா நல்லவர்தான். ஆனா ஆயுசுல ஒருநாள்கூட என்னை ‘சாப்பிட்டியாம்மா’ன்னு கேட்டதில்லை. மெயில்ல வந்த முதல் லெட்டரே அப்படித்தான் ஆரம்பிச்சுது. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு.”

கைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“முதல்ல எல்லாத்தையும் இதுல எடுத்துக் கொடுத்துடுங்க. அப்புறம் அவன் சொன்னபடியே அழிச்சுட்டுப் புதுசா போடுங்க. அக்கா நம்பிட்டான்னு சொல்லுங்க, நிம்மதியா இருப்பான்.”

சர்வீஸ்காரருக்கு மனசு கேட்கவில்லை. “அப்பா எழுதினதில்லைன்னு தெரிஞ்சும் இவ்வளவு தூரம் வந்தீங்களா மேடம்?”

“அப்பா கையால எழுதின பழைய லெட்டரெல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு அண்ணா. தம்பி எழுதினதைத்தான் தொலைச்சுட்டேன்.”