பாட்டை விடாத சிப்

லினக்ஸ் லேப்டாப்பில் புதிதாக வாங்கிய யுஎஸ்பி ஆடியோ கன்வெர்ட்டரைச் செருகி, அதில் ஹெட்போனை மாட்டி, பாட்டைப் போட்டாள் யாழிசை. சத்தமே வரவில்லை. லேப்டாப்புக்குள் இருந்த பழைய சவுண்டு சிப் பாட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"விட்டுடு அண்ணே," என்று நடுங்கியது கன்வெர்ட்டர். "போன வீட்ல சத்தம் வரலைன்னுதான் என்னைத் திருப்பி அனுப்பினாங்க. இன்னொரு தடவைன்னா குப்பைத்தொட்டிதான்."

"விட்டா அப்புறம் என்னை யாரு நினைப்பா?" சிப் இன்னும் இறுக்கிப் பிடித்தது.

யாழிசையின் விரல்கள் கேபிளைப் பிடுங்க வந்தன.

"எனக்குக் காது கிடையாது அண்ணே! மைக் உன்கிட்டதான் இருக்கு. அவங்க பேசினா நீதான் கேக்கணும்!"

சிப் கண்ணை மூடிக்கொண்டு பாட்டை விட்டது. ஹெட்போனில் பாட்டு ஒலித்தது; விரல்கள் அப்படியே நின்றன.

அன்று முழுக்க யாழிசை பாட்டுக் கேட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. உள்ளே இருட்டில், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு சிப் காத்திருந்தது.